மிச்சமாகும் பணம் எங்கே போகும்? இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் நாள் வந்தால் சபையில் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். வடக்கு கிழக்கிலிருந்து வந்த ஒருவர் படையினர் வைத்திருக்கும் காணிகளின் விடுவிப்பைப் பற்றிக் கேட்பார். எதிரே ஒருவர் எழுந்து, போர்வீரர்களை அவமதிக்காதீர்கள் என்பார். கொஞ்ச நேரம் கூச்சல், பிறகு தேநீர், மாலையில் ஒதுக்கீடு நிறைவேறும். அடுத்த ஆண்டும் அதே. அந்தச் சண்டையில் இன்னொரு குரலைச் சேர்க்க நான் இதை எழுதவில்லை. உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதற்கு முன் இன்னொரு நாட்டின் கணக்கு வழக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

1949 ஒக்டோபர் 10ஆம் திகதி, அந்த ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின் கீழ் எங்கள் இராணுவம் பிறந்தது. இன்றைக்கும் அந்தத் திகதிதான் இராணுவ தினம். சரியாக நான்கு வாரம் கழித்து, நவம்பர் 7ஆம் திகதி, உலகின் மறுபக்கத்தில் கொஸ்டாரிக்கா தன் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது. அதன் 12ஆவது உறுப்புரை, இராணுவம் ஒரு நிரந்தர நிறுவனமாக இருப்பதைத் தடை செய்தது. பொலிஸ் இருக்கும், கரையோரக் காவல் இருக்கும், நாட்டைக் காக்க வேண்டிய அவசரம் வந்தால் தற்காலிகமாகப் படை திரட்டலாம். நிரந்தரப் படை மட்டும் கூடாது. அந்த உறுப்புரை இன்றும் அப்படியே இருக்கிறது.

இரண்டு நாடுகளும் அப்போது ஏணி வைத்தும் எட்டாத தூரத்தில் இருக்கவில்லை. எங்கள் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர், அவர்களுடையது 51,100. மலைநாட்டுப் பயிரை ஏற்றுமதி செய்துதான் இரு நாடும் வாழ்ந்தன. அவர்களுக்குக் கோப்பியும் வாழைப்பழமும். எங்களுக்கும் ஒருகாலத்தில் கோப்பிதான், 1869இல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்களை அழித்து நாங்கள் தேயிலைக்கு மாறும்வரை. படிப்பு விடயத்தில் நாங்கள் பின்தங்கியும் இருக்கவில்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது. இரத்தம் சிந்தாமல் சுதந்திரம் பெற்றோம். அவர்களோ அப்போதுதான் ஓர் உள்நாட்டுப் போரை முடித்திருந்தார்கள்.

அந்தப் போரைக் கொஞ்சம் பார்ப்போம். 1948 பெப்ரவரியில் ஜனாதிபதித் தேர்தல். எதிர்க்கட்சி வேட்பாளர் ஒட்டிலியோ உலாத்தே வென்றதாக முடிவு வந்தது. முன்னாள் ஜனாதிபதி கல்தெரோன் குவார்தியாவின் ஆட்கள் நிறைந்திருந்த காங்கிரஸ், மார்ச் 1ஆம் திகதி அந்தத் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது. நார்க்கற்றாழைத் தோட்டம் வைத்திருந்த ஹொசே பிகேரஸ் என்பவர் ஆயுதம் ஏந்தினார். 44 நாள் சண்டை. எட்டு இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் சுமார் 2,000 பேர் செத்தார்கள். பிகேரஸ் வென்று, ஓர் இடைக்கால ஆட்சிக்குத் தலைவரானார்.

வழக்கமாக இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வென்றவரின் படை தேசியப் படையாகும், தளபதிகளுக்குப் பதவி கிடைக்கும், வெற்றி விழா ஆண்டுதோறும் நடக்கும். 1948 டிசெம்பர் 1ஆம் திகதி பிகேரஸ், தலைநகர் சான் ஹொசேயில் இருந்த பெய்யாவிஸ்தா படைமுகாமின் சுவரில் ஒரு சம்மட்டியால் ஓங்கி அடித்தார். முகாமின் சாவியைக் கல்வி அமைச்சரிடம் கொடுத்தார். இன்று அது தேசிய அரும்பொருளகம். கோபுரச் சுவரில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகளை அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

படம் எடுப்பதற்கு நல்ல காட்சிதான். ஆனால் பிகேரஸை ஒரு மகானாக ஆக்கிவிடாதீர்கள். தோற்ற பக்கத்துப் பழைய இராணுவம் சில நூறு பேர் கொண்ட நலிந்த படை. அதைக் கலைப்பதில் அவருக்கு அரசியல் இலாபமும் இருந்தது, ஏனென்றால் நாளை தன்னைக் கவிழ்க்கக்கூடிய ஒரே அமைப்பு அதுதான். கம்யூனிஸ்ட் கட்சியை அவர் தடை செய்தார், எதிராளிகளை நாடுகடத்தினார். அதே டிசெம்பரில் கோதோ தெல் டியாப்லோ என்ற இடத்தில் ஆறு கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதெல்லாம் அந்த வரலாற்றில் இருக்கிற கறைகள்தான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் பழைய இராணுவத்தை மட்டும் கலைக்கவில்லை. தன்னை வெற்றிக்குக் கொண்டுவந்த தன் சொந்தப் படையையும் கலைத்தார். பதினெட்டு மாதம் ஆண்டுவிட்டு, 1949 நவம்பரில், தேர்தலில் வென்றிருந்த உலாத்தேயிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு தேர்தலில் நின்று, வென்று, முறைப்படி திரும்பி வந்தார்.

அந்தப் பதினெட்டு மாதமும் சும்மா கழியவில்லை. 1949 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கர்தோனாவே ஒரு முகாமைப் பிடித்துக்கொண்டு கலகம் செய்தார். அவருக்குக் கோபம், வங்கிகளைத் தேசியமயமாக்கியதிலும் செல்வந்தர் மீது 10 வீத வரி போட்டதிலும். கலகம் ஓரிரு நாளில் அடங்கியது. படையை ஒழிக்கும் யோசனைக்கு முன்னின்றவர்களுள் ஒருவராகச் சொல்லப்படுபவரும் இதே கர்தோனாதான். கையில் துப்பாக்கி இருக்கும்வரை யாருக்கும் அந்த ஆசை வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 1917 ஜனவரி 27ஆம் திகதி, போர் அமைச்சராக இருந்த தினோக்கோ ஆட்சியைக் கவிழ்த்தார். இரண்டரை ஆண்டு சர்வாதிகாரம். அதை ஆட்டங்காண வைத்ததில், 1919 ஜூனில் வீதிக்கு வந்து அரசுப் பத்திரிகையின் அலுவலகத்தைக் கொளுத்திய ஆசிரியைகளுக்கும் மாணவர்களுக்கும் பெரிய பங்கு. (எங்கள் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் சிறிமாவோ அரசாங்கத்தைக் கவிழ்க்கக் குறித்திருந்த நாளும் ஒரு ஜனவரி 27தான், 1962இல்.)

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கொஸ்டாரிக்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சம்மட்டியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த நாட்டை நிமிர்த்தியது, சம்மட்டிக்கு முன்னும் பின்னும் ஒரே மூச்சில் போடப்பட்ட சட்டங்கள். போரே ஒரு தேர்தல் மோசடியில்தான் தொடங்கியது. ஆகவே தேர்தலை அரசாங்கத்தின் கையிலிருந்தும் காங்கிரஸின் கையிலிருந்தும் எடுத்து, தேர்தல் உயர் தீர்ப்பாயம் என்ற தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். தேர்தல் சுதந்திரமாக நடப்பதற்காகப் பொலிஸுக்கே கட்டளையிடும் அதிகாரம் அந்தத் தீர்ப்பாயத்துக்கு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஜனாதிபதி அடுத்தடுத்து இரண்டு முறை வர முடியாது. பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. மின்சாரத்துக்கென்று அரசு நிறுவனம் 1949 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. இன்று அந்த நாட்டின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர், காற்று, புவிவெப்பம் ஆகியவற்றிலிருந்து வருவதன் தொடக்கம் அங்கேதான். தோற்றுப்போன கல்தெரோன் 1941இல் கொண்டுவந்த சமூகக் காப்புறுதியையும் 1943ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தையும் வென்றவர்கள் அழிக்கவில்லை, தொடர்ந்தார்கள். எதிரி செய்த நல்லது என்று தெரிந்தும் வைத்துக்கொண்டார்கள்!

இவற்றுள் எங்களுக்கு மிக அருகில் வருவது இன்னொன்று. கொஸ்டாரிக்காவின் கரீபியக் கரையோரம் லிமோன். ரயில் பாதை போடவும் வாழைத்தோட்டங்களில் வேலை செய்யவும் யமேக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினத்தவரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்ந்தார்கள். அந்த மண்ணில் பிறந்தும் அந்நியராக நடத்தப்பட்டார்கள். 1949இல் அவர்களுக்குக் குடியுரிமைக்கான வழி திறந்தது. அதே நேரத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? கோப்பிக்கும் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்ட மலையகத் தமிழர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தால் பறித்தோம். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையையும் பறித்தோம். ஒரு நாடு தோட்டத் தொழிலாளியை உள்ளே எடுத்துவிட்டுப் படையைக் கலைத்தது. இன்னொரு நாடு தோட்டத் தொழிலாளியை வெளியே தள்ளிவிட்டுப் படையைக் கட்டியது. இரண்டும் நேரடியாகத் தொடர்புள்ளவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாருக்கு எதிராகப் படை வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு, அடுத்த அறுபது ஆண்டுகளும் இலங்கை சொன்ன பதில் வெளிநாடு ஒன்றின் பெயர் அல்ல. 1971இல் தெற்கின் இளைஞர்கள், பிறகு வடக்கு கிழக்கின் இளைஞர்கள், 1987 முதல் 89 வரை மீண்டும் தெற்கு. எங்கள் தமிழ்ப் பக்கத்திலும் மாற்றுக் கருத்துக்குத் துப்பாக்கி தீர்ப்புச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அவர்களிடம் தோற்றவர்களுக்கு என்ன ஆனது தெரியுமா? 1990 மே மாதம், கல்தெரோனின் மகன் ஜனாதிபதியானார், தேர்தலில் வென்று. 1994 மே மாதம் அவர் பதவியை ஒப்படைத்தது யாரிடம் என்றால், பிகேரஸின் மகனிடம். 44 நாள் ஒருவரை ஒருவர் கொன்ற இரண்டு தரப்பின் பிள்ளைகள் வாக்குச்சீட்டால் மாறி மாறி ஆண்டார்கள்.

அமெரிக்காவின் நிழலில் இருந்ததால்தானே இது முடிந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாதி உண்மையும்கூட. சம்மட்டி விழுந்த அதே வாரத்தில், அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் கூட்டுப் பாதுகாப்புக்கான ரியோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. டிசெம்பரிலேயே கல்தெரோனின் ஆட்கள் நிக்கராகுவாவிலிருந்து உள்ளே நுழைந்தபோது, அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டது. 1955 ஜனவரியில் நிக்கராகுவாவின் சொமோசா ஆதரவோடு மறுபடியும் ஒரு படையெடுப்பு. அப்போது வாஷிங்டன் நான்கு முஸ்டாங் போர் விமானங்களை, ஒன்று ஒரு டொலர் விலைக்கு, கொஸ்டாரிக்காவுக்கு விற்றது. ஆகவே குடை இருந்தது, அதற்கு ஒரு விலையும் இருந்தது. எண்பதுகளில் அந்தக் குடையின் பெயரால், நிக்கராகுவாவுக்கு எதிரான கொன்ட்ரா கிளர்ச்சிக்காரருக்காகக் கொஸ்டாரிக்கா மண்ணிலேயே ஓர் இரகசிய விமான ஓடுதளம் போடப்பட்டது. 1986இல் பதவிக்கு வந்த ஒஸ்கார் ஆரியாஸ் அதை மூட வைத்தார். அடுத்த ஆண்டு மத்திய அமெரிக்க சமாதானத் திட்டத்துக்காக நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால் அதே குடையின் கீழ்தான் குவாத்தமாலாவும் எல் சால்வடோரும் ஹொண்டுராஸும் இருந்தன, இராணுவங்களோடு. குவாத்தமாலாவில் 36 ஆண்டு உள்நாட்டுப் போர், சுமார் இரண்டு இலட்சம் உயிர்கள். எல் சால்வடோரில் சுமார் 75,000. நிழல் எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்குக் கீழே யார் என்ன கட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

எங்களுக்கு மேலே விழும் நிழலையும் பேசிவிடுவோம். 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. அன்று எங்கள் முப்படையும் என்ன செய்ய முடிந்தது? ஒன்றுமில்லை. அடுத்த மாதம் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது. பெரிய அயலவரை இலங்கையின் படை தடுத்து நிறுத்தும் என்பது, சபையில் யாரும் உண்மையாக நம்பாத ஒரு கற்பனை. ராஜதந்திரம்தான் அங்கே எங்கள் ஆயுதம், எப்போதும்.

2010 ஒக்டோபரில் நிக்கராகுவாவின் துருப்புகள் எல்லை ஆற்றோரமாகக் கலேரோ தீவில் இறங்கின. கொஸ்டாரிக்காவிடம் அனுப்பப் படை இல்லை. அடுத்த மாதமே ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 டிசெம்பர் 16ஆம் திகதி தீர்ப்பு: அந்த நிலம் கொஸ்டாரிக்காவுடையது. 2018இல் சுற்றாடல் சேதத்துக்கும் அதையொட்டிய செலவுகளுக்கும் நட்டஈடாக 378,890 டொலரும் சில சதமும் கொடுக்கும்படி நீதிமன்றம் நிக்கராகுவாவுக்கு உத்தரவிட்டது. ஐந்து ஆண்டு இழுபட்ட வழக்கு, எரிச்சலான வழக்கு. ஆனால் ஒரு தாயும் பெட்டியில் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளவில்லை.

தீவாக, இந்து சமுத்திரத்தில், பல இனங்களோடு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் மொரிசியஸைப் பாருங்கள். 1968 மார்ச்சில் சுதந்திரம் பெற்ற நாள் முதல் நிரந்தர இராணுவம் இல்லை. பொலிஸுக்குள் ஒரு விசேட நடமாடும் பிரிவும் கரையோரக் காவலும்தான். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறியோல் மக்கள், சீன வம்சாவளியினர், ஏன், ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைப் பார்க்கும் அளவுக்குத் தமிழரும் இருக்கிறார்கள். சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்னர்தான் போர்ட் லூயிஸில் இனக்கலவரம் நடந்திருந்தது. 1999 பெப்ரவரியில் மீண்டும் கலவரம் வெடித்தது. இரண்டும் படையைக் கட்டுவதற்கு நல்ல சாட்டு. அவர்கள் அதை எடுக்கவில்லை. சாகோஸ் தீவுகள் தொடர்பாக பிரித்தானியாவோடு மோதியதும் நீதிமன்ற வழியில்தான். 2019இல் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்து மொரிசியஸ் சொன்னதற்குச் சாதகமாக வந்தது. அவர்களுக்கும் இந்தியாவின் துணை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படையைக் கலைத்தால் போதும், செழிப்பு தானாக வரும் என்று நான் சொல்லவில்லை. ஹெய்ட்டியில் அரிஸ்டீட் 1995இல் இராணுவத்தைக் கலைத்தார். பொலிஸ் உருப்படியாகவில்லை, நீதிமன்றம் உருப்படியாகவில்லை, பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இன்று தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கையில். சொலமன் தீவுகளில் ஒருபோதும் இராணுவம் இருந்ததில்லை. காணிப் பிரச்சினையில் தொடங்கிய இனமோதல், 2003இல் அவுஸ்திரேலியா தலைமையில் பிராந்தியப் படை வந்த பிறகே ஓய்ந்தது. கொஸ்டாரிக்காவும் இப்போது நிம்மதியாக இல்லை. கொக்கேய்ன் கடத்தல் அதன் துறைமுகங்களைப் பற்றிக்கொண்டுவிட்டது. 2023இல் 900க்கு மேற்பட்ட கொலைகள், அந்த நாட்டின் வரலாற்றில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்குக் குறையாமல் கல்விக்கு என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் அதை எட்டுவதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்று அங்கேயே பலர் சண்டை பிடிக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சண்டையே எனக்குப் பொறாமையைத் தருகிறது. அரசாங்கம் கல்விக்குக் குறைத்தால், எந்த உறுப்புரையை மீறினாய் என்று அங்கே ஒரு மாணவன் கேட்க முடிகிறது. 2003இல் அவர்களுடைய அரசாங்கம் ஈராக் போரை ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலில் பெயர் கொடுத்தபோது, ஒரு சட்ட மாணவர் வழக்குப் போட்டார். அந்த ஆதரவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2004இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எழுபத்தைந்து ஆண்டில் அவர்கள் சேர்த்தது என்ன? ஆயுட்காலம் ஏறக்குறைய 80. எண்பதுகளில் நாட்டின் கால்வாசியாகச் சுருங்கிய காடு, எரிபொருள் வரியிலிருந்து காணிக்காரருக்குப் பணம் கொடுத்துக் காக்கும் திட்டத்தின் துணையோடு, இன்று பாதிக்கு மேல். 2021இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பில் உறுப்புரிமை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இன்டெல் அங்கே தொழிற்சாலை போட்டது. இன்று மருத்துவக் கருவிகள் அந்த நாட்டின் முதன்மை ஏற்றுமதி. இதை வாசிக்கும்போது 1983 நினைவுக்கு வராமல் இருக்காது. மோட்டரோலாவும் ஹாரிஸும் இலங்கையில் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலை அமைக்கத் திட்டம் வைத்திருந்தன. ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவை வரவில்லை.

சரி, எங்கள் கணக்குக்கு வருவோம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு ஓர் அறிவிப்பு விட்டது. 200,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணி அடுத்த ஆண்டில் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அது ஓர் அமைச்சின் அறிவிப்பு மட்டும்தான். போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தம் தாண்டியும், எங்கள் தரைப்படை பிரித்தானியாவின் நிரந்தரத் தரைப்படையை விடப் பெரியது. ஆளணியைக் குறைப்பதாகச் சொன்னீர்கள். மிச்சமாகும் பணம் எங்கே போகும் என்று ஒரு வரிகூட அந்த அறிவிப்பில் இல்லை. திறைசேரியின் கடலில் ஒரு துளியாகக் கலந்துவிட்டால், மொனராகலையிலும் முல்லைத்தீவிலும் யாருக்கும் அது தெரியப் போவதில்லை. அப்படியானால் அடுத்த தேர்தலில் யாராவது ஒருவர், படையைப் பலவீனப்படுத்திவிட்டார்கள் என்று மேடை போட்டால், எதிர்த்துப் பேச யார் முன்வருவார்கள்?

பாதுகாப்புக்கு ஆள் வேண்டும் என்பவர்களுக்கு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதலை ஞாபகப்படுத்துகிறேன். இரண்டு இலட்சம் அளவிலான இராணுவம் இருந்த நாடு. தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியாவிலிருந்து முன்கூட்டியே தகவலும் வந்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கடிதம் போனது, அவ்வளவுதான். தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே குறைவாக இருந்தது சிப்பாய்கள் அல்ல.

இதில் சிப்பாய் தரப்பு நியாயத்தைத் தமிழர்கள் பேசுவது அபூர்வம், ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். கொஸ்டாரிக்கா கலைத்தது சில நூறு பேரை. நீங்கள் வீட்டுக்கு அனுப்பப் போவது பல்லாயிரம் பேரை. அநுராதபுரத்திலும் குருநாகலிலும் வேறு வேலை இல்லாததால் படைக்குப் போன பிள்ளைகள் அவர்கள். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள், தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்பாடு இல்லாமல் அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை 2024இல் பார்த்தோம். எங்கள் முன்னாள் படையினர் நூற்றுக்கணக்கில், நல்ல சம்பளம் என்று ஏமாற்றப்பட்டு, ரஷ்ய-உக்ரேன் போர்முனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் திரும்பவே இல்லை. படையை விட்டு ஓடியவர்கள் பாதாளக் குழுக்களில் சேர்வதைப் பற்றிப் பொலிஸே பேசுகிறது.

அதற்காக அவர்களை ஏ9 வீதியோரம் தேநீர்க் கடை நடத்தவும், காங்கேசன்துறையில் விடுதி நடத்தவும், எங்கள் தோட்டக் காணியில் மரக்கறி பயிரிடவும் வைத்திருப்பது தீர்வாகாது. வரிப்பணத்தில் சம்பளம் பெறுபவர் விற்கும் வடையோடு பக்கத்துக் கடைக்காரர் போட்டி போட முடியாது. வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகள் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் சம்பளம் வாங்கும் நிலை எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கல்வியின் வேலையை எடுத்துப் படையிடம் கொடுத்திருக்கிறோம். பெய்யாவிஸ்தா முகாமின் சாவி போன திசைக்கு நேர் எதிர்த் திசை இது.

ஆளும் தரப்பில் இருப்போருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கட்சியான ஜே.வி.பி.யின் தோழர்களை 1971இலும் 1987க்குப் பிறகும் கொன்றது வெளிநாட்டுப் படை அல்ல. உங்கள் தலைவர் ரோகண விஜேவீர 1989 நவம்பரில் இந்த அரசின் காவலில்தான் செத்தார். சூரியகந்தவில் புதைகுழி தோண்டப்பட்டபோது உங்களுக்கு ஏற்பட்ட உணர்வு, யாழ்ப்பாணத்தின் செம்மணியில் தோண்டப்படும்போது எங்களுக்கு ஏற்படுவதுதான். பிறகு வடக்கின் போரை நீங்களே ஆதரித்தீர்கள். அது வேறு விவாதம், வேறு நாளில் வைத்துக்கொள்வோம். இப்போது உங்களிடம் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருக்கிறது. இந்த விடயத்தில் அதைப் பயன்படுத்தும் தார்மீக உரிமை, இந்தச் சபையில் வேறு எந்தத் தரப்புக்கும் இல்லாத அளவு உங்களுக்கு இருக்கிறது.

எதிர்த்தரப்பினருக்கும், எங்கள் தமிழ், முஸ்லிம், மலையகப் பிரதிநிதிகளுக்கும்: இதைக் காணிப் பிரச்சினையாக மட்டும் பேசினால் வடக்கின் கோரிக்கையாகவே அது நின்றுவிடும். குருநாகல் ஆசுபத்திரியில் மருந்து இல்லாததையும் சேர்த்துப் பேசுங்கள்.

கோரிக்கை இதுதான். 2030 இலக்கை ஒரு சட்டமாகக் கொண்டுவாருங்கள். அரசியலமைப்பைத் தொட வேண்டாம், 12ஆம் உறுப்புரை மாதிரி ஒன்றை இன்று கேட்கும் துணிவு எனக்கும் இல்லை. சாதாரணச் சட்டம் போதும். ஒவ்வோர் ஆண்டும் ஆளணியின் உச்சவரம்பு என்ன என்று அதில் எழுதுங்கள். அதனால் குறையும் செலவை நிதி அமைச்சு தனிக் கணக்கில் காட்டட்டும். முதல் சில ஆண்டுகளில் அந்தப் பணத்தின் பெரும்பங்கு, விலகும் படையினரின் ஓய்வூதியத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் அங்கவீனமுற்றோரின் சிகிச்சைக்கும் போகட்டும். அதில் எந்தத் தமிழரும் கோபப்படக் கூடாது, நான் கோபப்பட மாட்டேன். மீதி, பெயர் குறிப்பிட்டு, பாடசாலைகளுக்கும் கிராமிய வைத்தியசாலைகளுக்கும். கலைக்கப்படும் முகாமின் காணி தனியாருடையதென்றால் உரிமையாளருக்கு, அரச காணியென்றால் எந்த அமைச்சுக்கு என்பதும் சட்டத்திலேயே இருக்கட்டும். வியாபாரங்களிலிருந்து படை எந்தத் திகதியில் வெளியேறும் என்பதும் அப்படியே. ஆண்டுக்கு ஒருமுறை கணக்காய்வாளர் நாயகம் இதைப் பற்றி உங்களுக்கு அறிக்கை தரட்டும், மூன்று மொழியிலும்.

இந்தச் சட்டமூலத்தை அரசாங்கம் கொண்டுவராவிட்டால், தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவர உங்களில் எவருக்கும் உரிமை உண்டு. சிங்கள உறுப்பினர் ஒருவரும் தமிழ் உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து முன்மொழிந்தால் நல்லது. யார் அந்த இருவர் என்று எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட வாக்காளர் ஒருவர்